எலுமிச்சம்பழம் நுழையாத கூண்டு

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, மூக்கண்டப்பள்ளியில் எங்கள் சந்துக்குள் திரும்பினால் நாலாவது வீடு எங்களுடையது. அன்றைக்கு நான் இரண்டாவது வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஒரு துண்டு இடம் உண்டு. அதை ஒட்டி ஐந்தடி உயர மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மா யசோதாக்காவின் ரோஜாத் தோட்டம். அந்தத் தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார் யசோதாக்கா. ஒரு கையில் செடிக்குத் தண்ணீர் விடுகிற பைப். தண்ணீர் எங்கள் பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில், இடுப்பில் குடத்தை இடுக்குவதுபோல இடுக்கியபடி, எங்கள் கோழி.

கோழியின் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. அக்காவின் முகத்தில் அதையும் சேர்த்து இருந்தது.

“செல்வி, சாவியைக் குடு,” என்றார்.

காலையிலிருந்து எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டுப் பசியோடு வந்தவள் நான். அந்த ஒரு வார்த்தையில் பசி போன இடம் தெரியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்றாவது ஆள்

‘இத்தனை வாரமாக மெஷின், மெஷின் என்றே எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் எதுவுமே நடக்காதா?’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நடக்கும் தாயே. ஆனால் நடக்கிறபோது நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். அதுதான் சிக்கல்.

நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் முருகேசன் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நான் ‘ஏ’ ஷிப்ட் போகிற வாரம் அவருக்கு ‘பி’. அடுத்த வாரம் அப்படியே மாறும். ‘ஏ’ என்றால் பால்காரர் வருவதற்கு முன்பே கிளம்பி, மதியம் இரண்டே முக்காலுக்குத் திரும்புவது. ‘பி’ என்றால் மதியம் ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் வீடு திரும்பும்போது அடுத்தவர் தூக்கத்தில் பாதி தூரம் போயிருப்பார்.

ஆக, ஒருவர் கிளம்பி இன்னொருவர் வந்து சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் வீட்டில் ஆள் கிடையாது. இந்த ஒன்றரை மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட குடித்தனத்தில் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும்? நோட்டில் நடக்கும். பக்கவாட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் ஓர் ஆணி, ஆணியில் ஒரு நீள நோட்டு. கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எழுதுகிற அதே மாதிரி. தேதி, விவரம், ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். ‘கேஸ் தீர்ந்துவிட்டது.’ ‘மாவு புளிக்கிறது, இன்றே சுட்டுவிடவும்.’ ‘உங்கள் அண்ணன் போன் செய்தார். நீங்கள் தூங்குவதாகச் சொன்னேன், நம்பவில்லை.’ பெற்றுக்கொண்டவர் படித்துவிட்டு ஒரு டிக் போட வேண்டும். வீட்டுக்கு வந்தால் முதலில் நோட்டு, அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவதுகூட. இது நான் போட்ட சட்டம்.

எங்கள் மகள் படிப்புக்காகச் சேலம் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் பேசுகிற ஒரே ஆள் அந்த நோட்டுதான் என்று ஆகிவிட்டது.

கன்று பார்க்கப் போனவர்

ஒரு வாரம் அவருக்கு லீவு கிடைத்தது. அண்ணனுக்குக் கன்றுக்குட்டி பார்க்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது கையில் ஒரு மூங்கில் கூடை, கூடைக்குள்ளிருந்து கொக், கொக் என்று சத்தம்.

“கன்னுக்குட்டி எங்கங்க?”

“அது சரியில்ல. வாலைப் பாத்தன், புடிக்கல.”

“அதுக்குக் கோழியா?”

“பஸ்ஸுல கொண்டாரணுமில்ல. கன்னுக்குட்டிக்கு சீட்டு தரமாட்டாங்க.”

மூன்று பெட்டைகள், ஒரு சேவல். பஸ்ஸில் ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒரு கூட்டமே அவற்றுக்குப் பொரி போட்டுக் கொண்டுவந்ததாம்.

இரண்டே நாளில் பெயர்கள் வந்துவிட்டன. சேவல் விடியற்காலையில் ஆலைச் சங்கைவிடச் சரியாகக் கூவியதால் அவன் சங்கு. எல்லாரையும் கொத்தி வரிசையில் நிற்க வைத்தவள் லைன் லீடர். மற்றவர்கள் அடைந்த பிறகும் தரையைக் கிளறிக்கொண்டே இருந்தவள் ஓவர்டைம். மூன்றாவது பெட்டை வந்த சில வாரத்திலேயே ஒன்பது முட்டைமேல் அடை உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கவே மாட்டேன் என்று முறைத்தாள். அவளுக்கு லீவு லெட்டர் என்று பெயர் வைத்தோம்.

எனக்குக் கோழி வளர்ப்பில் எந்தப் பெருமையும் இருந்ததில்லை. ஆனால் அந்த நான்கும் வந்த பிறகு நோட்டில் விவரம் என்ற கட்டம் பத்தவில்லை. ‘ஓவர்டைம் இன்று என் ஷூ லேஸை மண்புழு என்று நினைத்தாள்.’ இதற்கெல்லாம் அவர் டிக் போட்டுப் பக்கத்தில் சிரித்த முகம் வேறு வரைந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதருக்கு வரையத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

கீரியின் தலை எவ்வளவு பெரியது?

கூண்டைச் செய்தது அவர்தான். பழைய இரும்புக் கடையில் ஆங்கிளும் கம்பி வலையும் பொறுக்கி வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் வைத்தார். கதவைத் திறந்துவிட்டால் தானாக மூடிக்கொள்ள ஒரு ஸ்பிரிங், திறந்தே வைக்க ஒரு கொக்கி. அடியில் செங்கல் பரப்பி சிமென்ட். மஞ்சள் பெயின்ட் அடித்து, ஓரமெல்லாம் கறுப்புப் பட்டை. அதே கடையில் கிடைத்த ‘கவனம்: இயங்கும் பாகங்கள்’ என்ற தகரப் பலகையையும் கதவில் மாட்டிவிட்டார். கூண்டுக்கு வெளியே பகலில் கோழிகள் உலாவ, மதிலை ஒட்டி மூன்று பக்கமும் வேலி.

செய்வது அவர் வேலை என்றால், சோதிப்பது என் வேலை. எங்கள் பகுதியில் நாய் வேலிக்கு வெளியே குரைத்துவிட்டுப் போய்விடும். பயம் கீரிக்குத்தான். சிப்காட் பக்கத்துப் புதர்களில் அது குடும்பம் குடும்பமாக இருக்கிறது. தலை நுழைகிற ஓட்டையில் உடம்பை நுழைத்துவிடும் என்பார்கள். சரி, தலை எவ்வளவு பெரியது?

கம்பெனியில் இதற்கெல்லாம் கேஜ் என்று ஒரு சாமான் உண்டு. ஒரு பக்கம் ஓட்டைக்குள் நுழைய வேண்டும், மறுபக்கம் நுழையவே கூடாது. நுழைந்தால் பாகம் ரிஜெக்ட். கீரியைப் பிடித்துவந்து ஓட்டை ஓட்டையாக நுழைத்துப் பார்க்க முடியாது இல்லையா? பிரிட்ஜைத் திறந்தேன். நல்ல பெரிய எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது.

“இதான் கீரித் தலை,” என்றேன்.

அவர் பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கீரிக்கு மூக்கு கூரா இருக்கும். இதுக்கும் ஒரு பக்கம் கூராத்தான் இருக்குது. சரி, ஓகே பண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டையும் வேலியையும் ஓர் அங்குலம் விடாமல் சுற்றி வந்தேன். கதவுக்கு அடியில் ஓர் இடம், பின்மூலையில் ஓர் இடம். இரண்டு ரிஜெக்ட். அவர் முனகிக்கொண்டே பட்டை வைத்து அடைத்தார். மறுபடி சுற்றினேன். எங்கும் நுழையவில்லை. நோட்டில் ‘கூண்டு பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீரித் தலையைப் பிழிந்து ஜூஸ் போட்டோம்.

அன்றைக்கு மதிலின் அடியில், மழைத்தண்ணீர் வெளியே போகிற ஓட்டையில் ஒரு செங்கல் வைத்து அடைத்திருந்தது. செங்கல் இருந்ததால் நான் அதை ஓட்டை என்றே எண்ணவில்லை. ஆடிட் நடக்கிற நாளில் கம்பெனியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரோஜாவும் நிபந்தனையும்

யசோதாக்கா தெலுங்குக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, காய்கறி வண்டியில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். தனி ஆள். மதிலுக்கு அந்தப் பக்கம் முப்பது ரோஜாச் செடிகள். ஒவ்வொரு செடிக்கும் எத்தனை மொட்டு என்று கேட்டால் பார்க்காமல் சொல்வார்.

கோழி வளர்க்கச் சம்மதித்தபோதே, இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். லைன் லீடர் அதை மதிக்கவில்லை. ஒரு நாள் ஐந்தடி மதிலைத் தாண்டி, மஞ்சள் ரோஜாவின் வேரடியில் பள்ளம் பறித்து, மண்ணில் புரண்டு குளித்துவிட்டாள்.

அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “செல்வி, இன்னொரு தரம் வந்துச்சுன்னா கோழிங்களை அனுப்பிடும்மா. நாலையும். எனக்கு இந்தச் செடிங்களை விட்டா யாரு இருக்கா?”

அனுப்பலாம். எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் லீவு லெட்டர் முட்டைமேல் இருந்தாள். அடைக்கோழியை நடுவில் இடம் மாற்றினால் எழுந்துவிடும், முட்டை அத்தனையும் வீண். அந்த ஒன்பது முட்டைக்காக நானும் அவரும் நாட்காட்டியில் தேதியை அடித்துக்கொண்டிருந்தோம். குஞ்சு வெளியே வருகிற நேரத்தில் யார் ஷிப்டில் இருப்பது என்று சண்டைகூட ஆரம்பித்திருந்தது. கோழிகள் போகக் கூடாது. குறைந்தது குஞ்சு பொரிக்கும் வரைக்கும்.

ஒரு பக்கச் சிறகு

கோழி பறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் நுனியில் கத்தரித்துவிட வேண்டும். நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது. பறக்க எழும்பினால் ஒரு பக்கம் சாய்ந்து கீழே வந்துவிடும். இதை இருவரும் சேர்ந்தே போனில் ஒரு வீடியோவில் பார்த்தோம். சேர்ந்து பார்த்த அபூர்வ வீடியோ.

அந்த வாரம் நான் ‘பி’ ஷிப்ட். காலையில் வீட்டில் இருந்தேன். லைன் லீடர், ஓவர்டைம், சங்கு மூவரையும் பிடித்து இடது சிறகைக் கத்தரித்தேன். எனக்கு இடதுகைப் பழக்கம், அதனால் இடது. அடையில் இருந்தவளைத் தொடவில்லை. மூன்றாவது ஆளாகச் சங்கை முடிக்கும்போது பஸ் ஹாரன். கத்தரிக்கோலை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

நோட்டில் எழுதவில்லை.

மதியம் அவர் வந்தார். கோழிகளைப் பார்த்தார். வலது கைக்காரர், வலது சிறகைத் தூக்கிப் பார்த்தார். முழுசாக இருந்தது. கத்தரிக்கோல் வேறு கையெட்டுகிற தூரத்தில் கிடந்தது. மூவருக்கும் வெட்டிவிட்டு, என்னைப்போல் இல்லாமல், ஒழுங்காக நோட்டில் எழுதினார்: ‘சிறகு வெட்டியாகிவிட்டது.’

திரும்பி வந்து அதைப் படித்தேன். ஆமாம், வெட்டியாகிவிட்டதுதானே, பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். டிக் போட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பாகங்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிற இன்ஸ்பெக்டர், மூன்று கோழியை ஒரு பக்கம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டீயோடு உட்கார்ந்திருந்தோம். லைன் லீடர் இரண்டு அடி எடுத்து ஓடி, எழும்பி, துளிகூடச் சாயாமல் போய் மதில்மேல் நின்றாள். பின்னாலேயே ஓவர்டைம். அதற்குப் பின்னால் சங்கு, அவன் கூவவும் செய்தான். டீயைக் கொட்டிவிட்டு ஓடிப் பிடித்தோம். நல்லவேளை, அக்கா கோயிலுக்குப் போயிருந்தார்.

என் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி லட்சுமி, பாகலூர்ப் பக்கம், கோழியோடு வளர்ந்தவள். போன் போட்டேன்.

“ஒரு பக்கம் வெட்டினா சாயும்கா,” என்றாள். “ரெண்டு பக்கமும் வெட்டினா திரும்பவும் பேலன்ஸ் ஆயிடுமே. நாட்டுக்கோழி, லேசான உடம்பு. அஞ்சடி என்ன, ஆறடியும் தாண்டும். யாரு ரெண்டு பக்கமும் வெட்டினது?”

யார் என்று சொல்லாமல் போனை வைத்தேன்.

ஐந்து ஏன்

கம்பெனியில் ஒரு தப்பு நடந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டு வேரைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அந்த வியாதி வீட்டிலும் உண்டு. நோட்டை எடுத்து வைத்தோம்.

கோழி ஏன் பறந்தது? இரண்டு சிறகும் வெட்டியதால். ஏன் இரண்டும்?

“ரெண்டாவது வெட்டின ஆளு பாக்காம வெட்டினதால,” என்றேன்.

“மொதல்ல வெட்டின ஆளு எழுதாம போனதால,” என்றார்.

“அந்தப் பக்கம் திருப்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?”

“டிக் போட்டது யாரு?”

ஏன் எழுதவில்லை? பஸ் வந்துவிட்டது. ஏன் நேரில் சொல்லவில்லை? அவர் வரும்போது நான் இல்லை. ஏன்? அது ஐந்தாவது ஏன். வாரத்தில் ஆறு நாள், முழித்துக்கொண்டு ஒரே அறையில் நாங்கள் இருப்பதில்லை. அதுதான் வேர். அவர் நோட்டை மூடினார்.

“இதை எழுத வேணாம்,” என்றார். “அடுத்த ஞாயித்துக்கெழமை மேல வலை கட்டிடலாம். ஆறு நாளுதான? அதுவரைக்கும், மத்தியானம் யாரும் இல்லாதப்ப கூண்டுக்குள்ள வுட்டுட்டுப் போலாம்.”

ஷூ போட்டுக்கொண்டு கோழி விரட்டுவது

கோழியைச் சாயங்காலம் கூண்டில் அடைக்க யாரும் தேவையில்லை. இருட்டினால் தானே ஏறிக்கொள்ளும். பகல் ஒரு மணிக்கு அடைக்க ஒரு படையே தேவை. அதற்கு அது பகல். பகலில் எதற்கு வீட்டுக்குள் போக வேண்டும் என்பது அதன் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட.

அடுத்த வாரம் எனக்கு ‘ஏ’, அவருக்கு ‘பி’. திங்கட்கிழமை அவர் யூனிஃபார்ம், ஷூ, அடையாள அட்டை எல்லாம் போட்டுக்கொண்டு மூன்று கோழிகளை விரட்டியிருக்கிறார். ஓவர்டைமை உள்ளே விட்டால் சங்கு வெளியே வருகிறான். சங்கைப் பிடித்தால் லைன் லீடர் அவர் ஷூமேல் ஏறி நிற்கிறாள். நோட்டில் எழுதியிருந்தது: ‘அடைக்க முயன்றேன். அவர்கள் சம்மதிக்கவில்லை.’

செவ்வாய்க்கிழமையும் விரட்டினார். விரட்டிய வேகத்தில் தண்ணீர்ப் பானை உருண்டு இடமெல்லாம் சேறு. சேற்றைக் கழுவ, மதிலடி ஓட்டையில் இருந்த செங்கல்லை எடுத்தார். கழுவினார். பஸ் ஹாரன் அடித்தது. ஓடினார்.

இரண்டே முக்காலுக்கு நான் சந்தில் நின்றேன். அக்கா ஸ்டூலில் நின்றார்.

மறுபடி ஸ்டூல்

“எந்தச் சாவிக்கா?” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கோழி மட்டுமில்லை, வீட்டையே காலி செய்யச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கிட்டே வரச் சொல்லி, பைப்பால் கீழே காட்டினார். ஈர மண்ணில், செங்கல் இல்லாத மதிலடி ஓட்டையிலிருந்து கூண்டுவரை சின்னச் சின்னக் கால்தடம்.

“செடிக்குத் தண்ணி விட்டுட்டிருக்கன். உங்க பக்கம் ஒரே சத்தம். எட்டிப் பாத்தா, பூனைன்னு நினைச்சன். பாத்தா வாலு இத்தனை நீளம். அய்யோ தேவுடா, கீரி. உங்க சேவல் வாலைக் கவ்விடுச்சு. அவன் ரெண்டு இறகை அதும் வாயில விட்டுட்டு நேரா பாத்ரூம் கூரைமேல போயிட்டான். இன்னொருத்தி மதில்மேல. இவ,” என்று இடுக்கியிருந்த லைன் லீடரை ஓர் உலுக்கு உலுக்கினார், “இவ என் தோள்ல மோதி மஞ்சள் ரோஜாமேல விழுந்தா. ஒரு கிளை போச்சு. பத்து நாளா பாத்துட்டிருந்த மொட்டு.”

“லீவு லெட்டர்?” என்றேன்.

“யாரு?”

“அடைக்கோழிக்கா.”

“அவ உள்ள இருக்கா. கீரி அந்த மஞ்சக் கூண்டை மூணு சுத்து சுத்துச்சு. எல்லா ஓட்டையிலயும் மூக்கை வெச்சுப் பாத்துச்சு. நுழையல. அவ உடம்பெல்லாம் சிலுப்பிட்டு ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்திருக்கா, எழுந்திருக்கவேயில்ல. அப்புறம் நான் பைப்பைத் திருப்பினேன். மூஞ்சிலயே அடிச்சேன், வந்த வழியே ஓடிடுச்சு.”

நான் கூண்டுக்கு ஓடினேன். ஸ்பிரிங் கதவு மூடியிருந்தது. உள்ளே லீவு லெட்டர் என்னையும் கீரியாகவே நினைத்து முறைத்தாள். அவளுக்கு அடியில் ஒன்பது முட்டையும் இருந்தன. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இரண்டும் ஒழுங்காக வராமல் விக்கல் எடுத்தது.

அப்புறம்தான் ரோஜா நினைவுக்கு வந்தது.

“அக்கா, கோழி உங்க பக்கம் வந்துடுச்சு. நீங்க சொன்னது சொன்னதுதான். ஆனா இன்னும் நாலஞ்சு நாளு…”

“நான் செப்பினேன்தான்,” என்றார். “கோழி செடிக்கு வந்தா கோழி போகணும்னு. கீரி வந்தா என்ன பண்ணணும்னு நான் ஒன்னும் செப்பலயே. எத்தனை நாளா இப்படி மத்தியானத்துல ஆளில்லாம விட்டுட்டுப் போறீங்க? வாயில்லாத உசுருங்க. அந்தக் கீரிக்கு உங்க பஸ்ஸு டைம் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.”

கையை நீட்டினார். “இந்த வேலிக் கேட்டுச் சாவியைக் குடு. ஒரு மணிக்கு எனக்கு என்ன வேலை? டிவிதான். இங்க வந்து ஒக்காந்துக்கறேன்.”

சாவியைக் கொடுத்தேன். லைன் லீடரை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மேலே வலை கட்டிவிடுகிறோம் என்றேன். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கும்போது, “அந்த வலை கிலை ஒன்னும் கட்டாதே,” என்றார். “பறக்கத் தெரிஞ்சதாலதான் பொழைச்சதுங்க.”

பெருமைக்குச் சொந்தக்காரர்

புதன்கிழமை காலை அவர் அந்த ஓட்டைக்குக் கம்பி வலை வைத்துப் பூசினார். எலுமிச்சம்பழத்தால் தானே சோதித்துப் பார்த்ததாக நோட்டில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘இரண்டாவதாகச் சிறகு வெட்டியது நான்தான். நான் வெட்டாமல் இருந்தால் மூன்றும் சாய்ந்து கீரி வாயில் விழுந்திருக்கும். இதைப் பதிவு செய்துகொள்ளவும்.’

ஞாயிற்றுக்கிழமை இதே ஆள் இதே வெட்டை என் தலையில் கட்டப் பார்த்தார். நான் எழுதினேன்: ‘முதலில் வெட்டிவிட்டு எழுதாமல் போனது நான். எழுதியிருந்தால் நீங்கள் இரண்டாவதாக வெட்டியிருக்கவே மாட்டீர்கள். பதிவு செய்துகொள்ளவும்.’

வியாழக்கிழமை அதற்கு டிக் இல்லை. சிரித்த முகம் ஒன்று இருந்தது, பக்கத்தில் வாலில்லாத சேவல் ஒன்றும்.

யசோதாக்கா தினமும் ஒரு மணிக்கு வந்தார். அவருடைய அதே பிளாஸ்டிக் ஸ்டூல், பக்கத்தில் பைப். ராகியைத் தூவி ‘ரா ரா’ என்று கூப்பிட்டால் மூன்றும் காலடியில் நின்றன. எங்கள் ‘பா பா’வுக்கு அப்படி வந்ததே இல்லை. முதல் நாளே நோட்டைப் பார்த்துவிட்டு, தானும் எழுத வேண்டும் என்றார். அவர் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத வராது. தெலுங்கிலேயே எழுதினார். நான் வந்ததும் வாயால் சொல்லிவிட்டுப் போவார்.

சனிக்கிழமை

சனிக்கிழமை நான் வந்தபோது அக்கா இல்லை. தங்கை வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டரை மணி பஸ் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். ஸ்டூல் இருந்தது. பைப்பைச் சுருட்டி வைத்திருந்தார். ஆணியில் நோட்டு.

சட்டம் போட்டவள் நானே. முதலில் நோட்டு. திறந்தால் அரைப் பக்கத்துக்குத் தெலுங்கு. மற்ற நாட்களில் ஒரே வரிதான் இருக்கும். அரைப் பக்கம் என்றால் என்னவோ நடந்திருக்கிறது. கோழிகள் எதுவும் கண்ணில் படவில்லை. போட்டோ எடுத்து, தெலுங்கு படிக்கத் தெரிந்த லட்சுமிக்கு அனுப்பினேன். அவள் அப்போதுதான் தன் ஸ்டாப்பில் இறங்கியிருப்பாள்.

உடனே கூப்பிட்டாள். “அக்கா, படிக்கட்டுமா? அவசரமா எழுதியிருக்காங்க, எழுத்து ஆடுது.”

“படி லட்சுமி.”

“‘முருகேசன் பஸ் ஏறின கொஞ்ச நேரத்துல மொத முட்டை உடைஞ்சது. ரெண்டு மணிக்குள்ள அஞ்சு வந்துடுச்சு. இப்ப ஏழு. ரெண்டு இன்னும் உள்ள இருக்கு, கொத்துது. மூணு பெருசுங்களும் கூண்டுக்குப் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்குதுங்க. கீரி வரல. நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னு வருத்தப்படாதீங்க. நான் இருந்தேன்.’”

கூண்டுப் பக்கத்திலிருந்து கீச்சு, கீச்சு என்று சத்தம் அப்போதுதான் என் காதுக்கு வந்தது.

“அக்கா, இருக்கீங்களா? கீழ ஒப்படைத்தவர்னு இருக்கற எடத்துல அவங்க பேரு. பெற்றுக்கொண்டவர்ங்கற எடத்துலயும் அவங்க பேருதான் எழுதியிருக்காங்க. அப்புறம் கடைசியா ஒரு வரி.”

“என்ன?”

“‘ரோஜாவுக்கு இன்னைக்கு ஒன்னும் ஆகல. இனிமே ஆனாலும் பரவால்ல.’”